மாவுக்கட்டு அண்ணனின் பதினேழு காரணங்கள்

எங்கள் ஆஸ்பத்திரியில் அவரை எல்லாரும் மாவுக்கட்டு அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். கட்டுப் போடும் அறையில் இருபத்திரண்டு வருஷம். மீசையிலும் மாவு. "நரைச்சது யாருக்குத் தெரியுது?" என்பார். பிறவியிலேயே அவருக்கு இடது பாதம் உள்பக்கம் மடங்கினது. காலத்தில் யாரும் கட்டுப் போடாததால் இன்றும் பாதத்தின் ஓரத்தால்தான் நடை. ஆனாலும் மாடிப்படியில் என்னை முந்திவிடுவார். அந்த அறையைக் கூட்டித் துடைப்பது நான்.

அவருக்கு ஒரு பழக்கம். மடங்கின காலோடு குழந்தை வந்தால், வீட்டார் தாய்மேல் என்ன பழி போட்டார்கள் என்று கேட்டு, அலமாரிக் கதவின் உள்பக்கம் பென்சிலால் எண் போட்டு எழுதிவைப்பார். கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தது, கயிற்றைத் தாண்டினது, விந்தி நடந்தவரைப் பார்த்துச் சிரித்தது...

போன மாதம் ஒரு தையல்காரப் பெண் கைக்குழந்தையோடு மூன்றாவது கட்டுக்கு வந்தாள். வாரம் ஒன்றாக ஆறு கட்டுப் போடவேண்டும். நடுவில் விட்டால் பாதம் பழையபடி திரும்பிக்கொள்ளும். கூட வந்த நாத்தனாரோ வாசலிலேயே ஆரம்பித்தாள்.

"இதோட போதும். நிறைமாசத்துல மிஷின மிதிமிதின்னு மிதிச்சா பிள்ளை கால் கோணாம என்ன பண்ணும்? பாவத்துக்கு மாவு பூசினா தீருமா?"

அந்தப் பெண் தலை நிமிரவில்லை. "அவங்க சொல்றது சரிதாண்ணே. இனிமே வரலை."

அண்ணன் அலமாரியைத் திறந்து பென்சிலால் எழுதினார். "மிஷின் மிதிச்சது... பதினேழு. இதோ பன்னிரண்டு, அந்தம்மா கட்டிலை விட்டே இறங்கலையாம். அசையாம படுத்ததால வந்துதுன்னாங்க. ரெண்டுல எதும்மா நிஜம்?"

நாத்தனார் விடுவாளா? "அப்போ உங்கம்மா என்ன பண்ணினாங்களாம்?"

எனக்குத் துடைப்பம் ஓடவில்லை. அண்ணன் மாவுத்துணியை நனைத்துக்கொண்டே சிரித்தார். "நாங்க ரெட்டைப் பிள்ளைங்கம்மா. எனக்குக் கால் வளைஞ்சுது. தம்பி பந்தாட்டத்துல ஜெயிச்ச கோப்பைய வைக்க வீட்டுல இடமில்ல. ஒரே வயிறு, ஒரே சோறு. எங்கம்மா என்ன, ஒரு பக்கமா பாவம் பண்ணினாங்களா?"

நாத்தனார் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினாள்.

"பின்ன எதனாலண்ணே?" என்றாள் அந்தப் பெண்.

"பெரிய டாக்டருக்கே முழுசாத் தெரியாது. சில குடும்பத்துல வழிவழியா வருமாம். பலபேருக்குக் காரணமே கிடைக்கல. மிஷின் மிதிச்சு வராது, அது தெரியும். கட்டுப் போட்டா நிமிரும், அதுவும் தெரியும்."

வருவாளா என்று வாரம் முழுக்கக் கடவுளை வேண்டிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை கதவைத் திறந்தால் வரிசையில் முதல் ஆள் நாத்தனார், தோளில் குழந்தை! பின்னாலேயே தையல்காரப் பெண்.

"அண்ணே, அந்தப் பதினேழை அழிச்சிடுங்க" என்றாள் நாத்தனார்.

"அதெப்படி? அடுத்து வர்ற மிஷின்காரம்மாவுக்கு எதைக் காட்டுவேன்? ராஜாவைக் காலை நீட்டச் சொல்லுங்க."