காத்து படாத கால்

போன வாரம் காணையில் என் மச்சானுடைய கரும்புக் கொல்லைக்குப் போயிருந்தேன். மச்சான் என்றால் மனைவியின் தம்பி, ஏகாம்பரம். ஆலைக்கு லோடு போகிற நாள். வெட்டுகிற ஆட்களில் செல்வி என்ற பெண் மட்டும் நொண்டிக்கொண்டே வெட்டினாள். பாதத்தில் ஒரு கேரி பேக்... சணலால் இறுக்கிக் கட்டியிருந்தது.

"காலைல துரு ஆணி ஏறிட்ச்சி சார். மொதலாளிதான் மஞ்சளும் சுண்ணாம்பும் வச்சி அடைச்சி வுட்டாரு" என்றாள்.

"காத்து படக்கூடாது மாமா. பட்டா சீழ் வச்சிக்கும்" என்றான் மச்சான், ஆபரேஷன் முடித்த டாக்டர் தோரணையில்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனோடு பேசிப் பிரயோஜனமில்லை. செல்வியைக் காரில் ஏற்றி விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு விட்டேன்.

கட்டைப் பிரித்த டாக்டரம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ரணஜன்னி, அதாங்க டெட்டனஸ், அந்தக் கிருமிக்குக் காத்துதாங்க எமன். அதைப் போயி மூடி வச்சிருக்கீங்களே?"

நமக்கு உயிர் கொடுக்கிற ஆக்சிஜன் அதற்கு விஷம். விஷத்தை முறிக்கும் தெம்பு அதன் உடம்பில் போதாது. அப்புறம் எப்படித்தான் பிழைக்கிறது? கெட்டியான ஓட்டுக்குள் சுருண்டுகொண்டு, மண்ணிலும் சாணத்திலும் வருஷக்கணக்கில் தூங்குகிறது. காற்றுப் போகாத ஆழமான புண் கிடைத்தால் எழுந்துகொள்ளும். அப்புறம் தாடை பூட்டும், உடம்பு வில்லாக வளையும், உயிரே போகலாம்.

அது பாட்டுக்குத் தூங்குகிறதை, நாம் காற்றுப் புகாத அறை கட்டி, மஞ்சள் பூசி எழுப்புகிறோம். இதற்குப் பெயர் வைத்தியம்!

புண்ணைக் கழுவி, மூடாமல் விட்டு, ஊசி போட்டார்கள். செல்வி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். "எம் பொண்ணு இன்னும் பால்தாங்க குடிக்குது. எனக்கு ஒண்ணும் ஆவாதில்ல?"

"ஜல்தியா வந்துட்டம்மா. ஆவாது" என்றார் டாக்டரம்மா. எனக்கே அப்போதுதான் மூச்சு வந்தது.

வெளியே வந்து மச்சானுக்கு போன் போட்டேன். பாவம், விவரம் தெரியாதவன், நிதானமாக எடுத்துச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன்.

"தெரியாமலா மாமா? போன மாசம் எனக்குக் கால்ல கம்பி கீறினப்ப, ஒடனே பாண்டிக்குப் போய் ஊசி போட்டுக்கினுதான வந்தேன். இவள அனுப்பினா லோடு நின்னுபூடும்... அதான்."

தெரியாதவனுக்கு எடுத்துச் சொல்லலாம். தெரிந்தே செய்கிறவனை என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள்.

காத்து படக்கூடாத கால், கரும்பு வெட்டுகிற கால் மட்டும்தானாம்.