சந்தனம் வைத்த பிளக்

எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்பா துபாயில் இருக்கிற பிள்ளைகள் உண்டு. மாமா போலீஸில் இருக்கிற பிள்ளைகள் உண்டு. பந்தயக் கார் ஓட்டுகிற அத்தை எனக்கு மட்டும்தான். அந்தத் திமிரில் நாலாம் வகுப்பு முழுக்க என் கால் தரையில் பாவவில்லை. இப்போது மட்டும் அது குறைந்துவிட்டதா என்றால், அதுவும் இல்லை.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. தாத்தா சீக்கிரமே போய்விட்டார். அப்பாதான் அவளை வளர்த்துப் படிக்க வைத்தார். கோயம்புத்தூரில் பம்பு செய்கிற ஃபேக்டரியில் அவளுக்கு இன்ஜினியர் வேலை. மாநில எல்லையில், கோவிந்தாபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். சனிக்கிழமை பொழுதோடு வருவாள், திங்கட்கிழமை விடிவதற்குள் பஸ் ஏறிவிடுவாள். அவள் சம்பாதித்து வாங்கிய கார் எங்கள் கொட்டகையில் டிராக்டருக்குப் பக்கத்தில் நின்றது. மஞ்சள் கார். இரண்டே கதவு. வயிறு தரையில் உரசுமோ என்று பார்க்கிறவர்கள் பயப்படுவார்கள். ஸ்டார்ட் செய்தால் எருமைகள் கயிற்றை இழுத்துக்கொண்டு எழுந்து நிற்கும்.

ஊர் சும்மா இருக்குமா? "பொட்டப்புள்ளைக்கு எதுக்குங்க இந்த எகத்தாளமெல்லாம்?" என்று பால் சொசைட்டியில் வைத்து அப்பாவிடமே கேட்டார்கள். அப்பா அங்கே ஒன்றும் பேசாமல் வந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அத்தையைக் கூப்பிட்டார்.

"ஆயுத பூசை முடிஞ்சு வர்ற ஞாயித்துக்கிழமை ஏதோ பந்தயம்னு சொன்னியே, நானும் வந்து பாக்கறேன். பாத்து மனசுக்குச் செரின்னு பட்டா ஓட்டு. இல்லீன்னா வண்டிய வித்துப்போடோணும். செரியா அம்முணி?"

"செரிங்ணா" என்றாள் அத்தை. அவள் வாக்குக் கொடுத்தால் மாற மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. கார் போய்விட்டால் நான் பள்ளிக்கூடத்தில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நடப்பேன்?

பந்தயத்துக்கு முந்தின வாரம் அத்தை காரின் பிளக்குகளை மாற்றினாள். நான்கு பிளக். இன்ஜினுக்குள் பொறி வைத்துப் பெட்ரோலைப் பற்ற வைக்கிற சின்னச் சாமான். வெள்ளைப் பீங்கான் உடம்பு, அடியில் ஊசி மாதிரி ஒரு முனை. நான் பக்கத்திலேயே குந்தியிருந்தேன். அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தவர், கழற்றி வைத்திருந்த பழசை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்குது. ஓடிட்டிருந்த சாமானத்த எதுக்கு மாத்தறே?"

"ஊட்டுக் காருக்கு லச்சம் கிலோமீட்டர்கூடத் தாங்குமுங்ணா. இது டர்போ, உள்ள சூடு சாஸ்தி. பாதி வயசுலயே மாத்திரோணும். பந்தயத்துக்கு ஓட்டுனா அதுக்கும் முன்னாலயே."

"கெட்டுப்போச்சுன்னு எப்படித் தெரியும்?"

"ஸ்டார்ட் ஆக மல்லுக்கட்டும். சும்மா நிக்கறப்பவே உதறும். மிதிச்சா விக்கும். அது வரைக்கும் காத்திருந்தா பந்தயம் போச்சுங்."

அப்பா தலையை ஆட்டினார். அது சம்மதத் தலையாட்டல் அல்ல. எங்கள் வீட்டில் அறுந்த செருப்புக்கு மூன்று முறை தையல் போடுவார்கள். தைக்க முடியாமல் போனால் வாரை எடுத்துக் கதவுக்குக் கீல் ஆக்குவார்கள். ஓடுகிற பொருளைக் கழற்றி வைப்பது அப்பாவுக்குப் பச்சைப் பாவம். அத்தையும் அந்த வீட்டுப் பிள்ளைதானே! பழைய பிளக்குகளைத் தூக்கிப்போட மனசு வராமல், புதுசு வந்த அதே அட்டைப் பெட்டிகளில் போட்டு டூல்ஸ் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆயுத பூசை வந்தது. புத்தகங்களையெல்லாம் பூசைக்கு வைத்தாகிவிட்டது, தொட்டால் சாமி கண்ணைக் குத்தும் என்பதால் எனக்குப் படிப்பு இல்லை. அத்தை வரவில்லை, அவளுடைய ஃபேக்டரியிலும் அன்றைக்குத்தான் பூசை. எங்கள் தோட்டத்தில் அப்பா காலையிலிருந்தே ஒவ்வொன்றாகக் கழுவினார். மண்வெட்டி, அரிவாள், டிராக்டர். தென்னைக்கு மருந்தடிக்கிற மெஷினின் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் பளபளவென்று தேய்த்தார், இரும்பறுக்கிற ஆக்ஸா பிளேடை நடுவில் விட்டு இடைவெளி பார்த்தார், பொட்டு வைத்துத் திரும்ப மாட்டினார். வருஷா வருஷம் அப்படித்தான். எங்கள் பக்கத்தில் மெஷினுக்குப் பூசை என்றால் வெளியே பூப்போட்டுவிட்டு விடுவதில்லை. உயிர் இருக்கிற இடத்தில் பொட்டு வைக்க வேண்டும்.

பிறகு கொஞ்ச நேரம் மஞ்சள் காரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நம்ம புள்ள வண்டி மட்டும் பூசையில்லாம நிக்கலாமா கண்ணு?"

கூடாதுதான் என்றேன். அத்தை கழற்றியதைப் பார்த்திருந்தாரல்லவா, அவளுடைய நீளமான ஸ்பேனரையே எடுத்து நான்கு பிளக்கையும் கழற்றினார். ஊசி முனை நான்கையும் அதே உப்புத்தாளில் தேய்த்தார், நடுவில் அதே பிளேடை விட்டார். வெள்ளைப் பீங்கானில் மூன்று விரலால் சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு மாட்டினார். நாளைக்குத் தங்கை கல்யாணத்தில்கூட அவ்வளவு பயபக்தியாக இருக்க மாட்டார். பந்தயம் இனி நமக்குத்தான் என்று எனக்கு ஒரே குஷி.

ஞாயிற்றுக்கிழமை அத்தை மஞ்சள் காரில் முன்னால் போனாள். அப்பா, அம்மா, நான் மூவரும் ஜீப்பில் பின்னால். கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டில் நின்றிருந்த போலீஸ்காரர் வண்டியைப் பார்த்தார், ஓட்டுகிறவளைப் பார்த்தார், சல்யூட் அடிப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் கையைப் பாதியில் வைத்துக்கொண்டு நின்றார். ரோட்டில் மெதுவாகப் போகும்போது காருக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

எல்லை தாண்டி இருந்த பந்தயத் தடத்தில் ஒவ்வொரு வண்டியாக விடுவார்கள். யார் குறைந்த நேரத்தில் சுற்றி வருகிறார்களோ அவர்களுக்குப் பரிசு. அத்தை முதலில் ஒரு பழக்கச் சுற்று போனாள். வளைவுகளில் நன்றாகத்தான் திரும்பினாள். நேரான பாதைக்கு வந்து மிதித்தாள் பாருங்கள், வண்டி விக்கியது. டப், டப் என்று பின்னால் வெடித்தது. தடத்தைச் சுற்றி நின்ற பையன்கள் சிரித்தார்கள். "அக்கா, தள்ளி உடட்டுங்களா?" என்று ஒருவன் கத்தினான். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். வித்துப்போடு என்கிற வார்த்தை அவர் வாயில் தயாராக இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

அத்தை வண்டியை ஓரம் கட்டி, தன் முறையைக் கடைசிக்கு மாற்றச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். சூட்டோடு கழற்றினால் இன்ஜினின் திருகு மரை பிய்ந்துவிடுமாம். ஆறுகிற வரைக்கும் காத்திருந்தோம். அத்தனை நேரமும் மற்ற வண்டிகள் சர் சர்ரென்று போய்க்கொண்டிருந்தன.

கடைசியில் முதல் பிளக்கைக் கழற்றினாள். உதவிக்கு வந்திருந்த ஃபேக்டரி அண்ணன் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, இதென்ன செவப்பா?" என்றார். நானும் பார்த்தேன். பீங்கானில் சந்தனம் கருகி ஓடியிருந்தது. அதன் மேல் குங்குமம். அடியில் அந்த ஊசி முனை இருந்த இடம் மொட்டையாக இருந்தது.

அத்தை பிளக்கை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

"துருங்க" என்றாள்.

அப்பா பக்கத்தில் வந்து நின்றார். "என்னாச்சு அம்முணி?"

"ஒண்ணுமில்லீங்ணா. பிளக்கு மாத்தற காலந்தாண்டிப் போச்சு. நாந்தான் பாக்காம உட்டுட்டேன். புதுசு போட்டாச் செரியாயிருமுங்."

அடப் பாவமே! போன வாரம்தானே மாத்தினே, நானும் அப்பாவும் பார்த்துக்கொண்டுதானே இருந்தோம் என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "அத்தே, அது..." என்று ஆரம்பித்தேன். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அப்பா? அவராவது கேட்க வேண்டாமா? அவர் அத்தையின் மூடிய கையையே பார்த்தார். விரல் இடுக்கில் சிவப்பாக ஒட்டியிருந்தது.

"அப்படியா. செரி" என்றார் அப்பா.

பெரியவர்களுக்கு ஒரே வாரத்தில் எல்லாம் மறந்துபோகிறதே என்று எனக்குக் கோபமான கோபம். அது போதாதென்று அத்தை டூல்ஸ் பெட்டியைத் திறந்து, அந்த அட்டைப் பெட்டிகளை எடுத்து, கழற்றிப்போட்ட பழசையே புதுசு என்று சொல்லி வரிசையாக மாட்டினாள்! பொய்யே பேசாத என் அத்தை, ஒரே நிமிஷத்தில் மூணு பொய். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அப்பா தண்ணீர்க் கேனோடு நின்றார். "கையக் கழுவு" என்று அவரே ஊற்றினார். சிவந்த தண்ணீர் மண்ணில் ஓடி மறையும் வரை ஊற்றினார்.

அப்புறம் அத்தை ஓட்டினாளே, அதை எத்தனை தரம் சொன்னாலும் எனக்கு அலுக்காது. பழைய பிளக்குகள் விக்கவில்லை, வெடிக்கவில்லை. முன்னால் சிரித்த பையன்கள் வாயைத் திறந்தபடி நின்றார்கள். மஞ்சள் வண்டி கடைசி வளைவில் வாலைக் கொஞ்சம் வீசித் திரும்பியதும் நேர்பாதையில் ஒரு சத்தம் போட்டது பாருங்கள், எங்கள் எருமைகள் கோவிந்தாபுரத்திலிருந்தே எழுந்து நின்றிருக்கும். "அடிபொளி அத்தே!" என்று நான் கத்தினேன். யாரோ பக்கத்தில் விசில் அடித்தார்கள். திரும்பிப் பார்த்தால் அப்பா. பால் சொசைட்டியில் ஒரு வார்த்தை பேசாமல் வந்த அப்பா, நாக்கை மடித்து, காது கிழிய விசில்!

அத்தை இரண்டாவது வந்தாள். முதலில் வந்தவனுடைய வண்டிக்கு எங்களுடையதைப் போல ரெண்டு பங்கு பலம். அதைச் சொல்லாமல் நான் யாரிடமும் இந்தக் கதையை முடித்ததில்லை. கோப்பையை வாங்கிக்கொண்டு அவள் நேராக அப்பாவிடம் வந்து தலையைக் குனிந்து நின்றாள்.

"வண்டிய ஆரும் விக்க வேண்டாம்" என்றார் அப்பா. "காலத்துல பிளக்க மட்டும் மாத்திரு."

அதற்குப் பிறகு ஊரில் அப்பாவின் தொல்லை தாங்க முடியவில்லை. பால் சொசைட்டியில், சலூனில், கல்யாண வீட்டுப் பந்தியில், யார் பைக்கைப் பற்றிப் பேச்சை எடுத்தாலும், "ஓடுதேன்னு உடக்கூடாதுங்க, கெடறதுக்கு முன்னாலயே மாத்திரோணும். எந்தங்கச்சி அப்படித்தான் செய்வா" என்பார். எகத்தாளம் பேசின வாய்கள் எல்லாம் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று.

அடுத்த ஆயுத பூசைக்கு அப்பா கோயம்புத்தூர் போய் நான்கு புது பிளக் வாங்கி வந்தார். அத்தையின் காருக்குப் பொருந்துகிற அதே நம்பர், எழுதிக்கூட எடுத்துப்போகவில்லை. பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே பூசையில் வைத்தார். அட்டைக்கு மேலே மூன்று விரலால் சந்தனம், நடுவில் குங்குமம். பூசை முடிந்ததும் அத்தையிடம் நீட்டினார். அவள் அதை ரெண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ரெண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். அன்று முதல் எங்கள் வீட்டில் வருஷா வருஷம் அதுதான் வழக்கம். இந்த வருஷமும் வாங்கி வைத்திருக்கிறார்.

அந்த முதல் வருஷம் நான் அவசரக்குடுக்கையாகப் பெட்டியைத் திறந்து பிளக்குக்கும் பொட்டு வைக்கப் போனேன். அப்பா என் கையை மெல்லப் பிடித்துக்கொண்டார்.

"வெளியில வெச்சாப் போதும் கண்ணு. உள்ள தொடக்கூடாது."

சரி என்று வெளியிலேயே வைத்தேன். உள்ளே தொடக்கூடாது என்று அப்பாவுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.