பொங்கல் சாப்பிட்டவன் குறி

உத்திரமேரூரில் ஆடிக் கிருத்திகைத் திருவிழாவுக்குப் பலூன் சுடும் கடை போட்டிருந்தவர் அவர். ஒல்லி உடம்பு, காதில் செருகிய பீடி. யாருடைய குறி தவறினாலும் துப்பாக்கியைப் பார்க்கமாட்டார். சுட்ட ஆளைத்தான் பரிசோதிப்பார்.

நான் ஆடிக்கு அழைக்கப்பட்ட புது மாப்பிள்ளை. மாமியார் வீடே பின்னால் நின்று பார்க்க, நான் சுட்டதெல்லாம் பலூனுக்குக் கீழே போனது. கடைக்காரர் என் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார்.

"காலைல இன்னா துன்ன நைனா?"

"பொங்கல்."

"அதான். பொங்கல் துன்னா குண்டு கீயதான் எறங்கும்."

"குழாய் வளைஞ்சிருக்குங்க" என்றேன். ரோஷத்தோடு வாங்கி அவரே சுட்டார். குண்டு இடப்பக்கமாகப் போய்ப் படுதாவில் பட்டது.

"நான் வடை துன்னேன். வடை எடது பக்கம் இஸ்துக்கும்" என்றார், கொஞ்சமும் அசராமல்.

கிருத்திகை விரதத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமலிருந்த என் மாமியார், "இப்பிடி குடுங்க" என்று துப்பாக்கியை வாங்கினார். ஒரு வரிசைப் பலூன் மொத்தமும் வெடித்தது.

"பாத்தியா, வெறும் வயிறு!" என்று கடைக்காரர் என்னைப் பார்த்துக் கைதட்டினார்.

அடுத்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு, மாமியார் எவ்வளவு கெஞ்சியும் ஒரு வாய் சாப்பிடாமல், கண் இருட்ட அங்கே போய் நின்றேன். பலூனும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. அதே இடத்தில், காதில் பீடியோடு, அவர் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்.

கரண்டியை வைத்துவிட்டு வந்து என் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார்.

"இன்னா நைனா, காலைலேர்ந்து ஒண்ணுமே துன்லியா?"