என் மூக்கில் நிற்காத கண்ணாடி

பெண் மூக்கும் முழியுமாக இருக்கிறாள் என்று சொல்வார்கள். எனக்கு முழி உண்டு. மூக்கு நுனியில் மட்டும்தான் இருக்கிறது. மூச்சு விட அது போதும், கண்ணாடி நிற்கப் போதாது. இரண்டு கண்களுக்கும் நடுவே மற்றவர்களுக்கு மேடாக இருக்கிற இடம் எனக்குச் சமதரை. பள்ளிக்கூடத்தில் சப்பை மூக்கி என்று கூப்பிட்டபோதுகூட நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. பத்தொன்பது வயதில் டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சையில் ஃபெயிலானபோதுதான் அதன் மேல் எனக்குக் கோபம் வந்தது.

எழுபதுகளின் தொடக்கம் அது. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து முதலாளியோடு பட்டணம் வந்து, தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேனாக இருந்தார். நான் ஹையர் பாஸானால் அடையாற்றில் தன் ஆபீஸிலேயே டைப்பிஸ்ட் வேலை தருவதாக, கடைக்கு வழக்கமாக வரும் ஒரு மேனேஜர் அவரிடம் சொல்லியிருந்தார். அப்பாவும் சம்மதித்தார், ஆனால் இரண்டு தடவைதான் எழுதலாம் என்றார். அதற்குள் பாஸாகாவிட்டால் வீட்டோடு இருந்து, வருகிற வரனைக் கட்டிக்கொள்ள வேண்டும். முதல் தடவையைக் கண்ணாடி தின்றுவிட்டது.

டைப் அடிப்பவர்களுக்குத் தெரியும். இரண்டு கையும் மெஷின் மேல் இருக்க வேண்டும், கண் பக்கத்துத் தாளின் மேல் இருக்க வேண்டும், தலை குனிந்திருக்கும். எனக்குச் சின்ன வயதிலேயே பிளஸ் நம்பர். கண்ணாடி இல்லாவிட்டால் கிட்டத்து எழுத்தெல்லாம் கலங்கிப்போகும். பரீட்சை ஹாலில் சுற்றிய ஒரே ஃபேன் சூப்பர்வைசர் தலைக்கு மேல் சுற்றியது. இரண்டாவது வரியிலேயே வியர்வையில் கண்ணாடி இறங்கத் தொடங்கியது. கையை எடுத்து மேலே தள்ளினால் இரண்டு வார்த்தை போகும், தள்ளாவிட்டால் வரியே போகும். தள்ளினேன், அடித்தேன், மறுபடி தள்ளினேன். மணி அடித்தபோது கால் பக்கம் பாக்கி இருந்தது.

"கண்ணாடி மேல பழியப் போடாத. ஒனக்குப் பழக்கம் பத்தல" என்றார் அப்பா. நான் விடாமல் நச்சரித்ததால்தான் வேறு ஃப்ரேம் வாங்கித் தரப் புறப்பட்டார்.

அப்பா கண்ணாடி எடுத்ததை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. புடவைக்கடைப் பழக்கம் அவரை விடுமா? ஒவ்வொரு ஃப்ரேமையும் வெளிச்சத்தில் காட்டி நிறம் பார்த்தார். கெட்டியாக இருக்குமா என்று கேட்டார். என் முகத்தில் மாட்டிவிட்டு நாலடி பின்னால் போய், தலையைச் சாய்த்து, தோளில் முந்தானை போட்டுப் பார்ப்பதுபோல் பார்த்தார். தியாகராய நகரில் இரண்டு கடை ஏறி இறங்கி, கடைசியில் மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடைக்கு வந்து சேர்ந்தோம்.

அங்கேயும் அதே கதைதான். நிமிர்ந்து நின்று ஆள் உயரக் கண்ணாடியில் முகம் பார்க்கும்போது எந்த ஃப்ரேம்தான் விழும்? நான் கவுண்டர் மேல் இருந்த பில் புத்தகத்தைப் படிப்பதுபோல் குனிந்தேன். புது ஃப்ரேம் சறுக்கி மூக்கு நுனிக்கு வந்தது.

"குனிஞ்சா விழுதுப்பா. நான் குனிஞ்சுதான டைப் அடிக்கணும்" என்றேன்.

அப்பா என் முழங்கையைப் பிடித்து நிமிர்த்தினார். "ஏட்டி, கடையில வச்சு என்னத்துக்குக் குனியுத? நேரா நில்லு, பாக்கட்டும்."

கடைக்காரர் என்னிடம் பேசவே இல்லை. "பொண்ணுக்கு மூக்குத்தண்டு கம்மி சார். இன்னா போட்டாலும் கொஞ்சம் எறங்கத்தான் செய்யும். மூஞ்சிக்கு எடுப்பா இருக்குதா, அத்தப் பாரு சார்" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, ஒரு இழுப்பறையைத் திறந்து கம்பி ஃப்ரேம் ஒன்றைக் காட்டினார். மூக்கின் இரு பக்கமும் பிடித்துக்கொள்ள இரண்டு குட்டிப் பட்டைகள், காதைச் சுற்றிக்கொள்ள வளைந்த கம்பி. "அது கெழவங்க போடுததுல்லா" என்று அப்பா ஒதுக்கிவிட்டார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் அன்று அது பிடிக்கவில்லை. ஓரம் தூக்கிய ஒரு மெரூன் ஃப்ரேமோடு வீடு திரும்பினோம். இறங்காமல் இருக்கட்டும் என்று கடைக்காரர் காதில் மாட்டும் பகுதியை நெருப்பில் காட்டி இறுக்கமாக வளைத்துக் கொடுத்திருந்தார். காதுக்குப் பின்னால் இரண்டு புண் வந்ததுதான் மிச்சம். கண்ணாடி வழக்கம்போல் இறங்கியது.

இரண்டாவது பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. அம்மாவிடம் மட்டும் சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு, அப்பா வைத்திருந்த டாக்டர் சீட்டைப் பார்த்து நம்பரை வேறு தாளில் எழுதிக்கொண்டு, தனியாக மயிலாப்பூருக்குப் பஸ் ஏறினேன். கம்பி ஃப்ரேம் வேண்டும் என்றதும் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உனுக்கா? அப்பா வேணாம்னாரே. அவரக் கூட்டிக்கினு வாம்மா."

எனக்கு வந்த ஆத்திரத்தில் வாயில் வந்த பொய்யைச் சொன்னேன். "எனக்கில்ல. எங்க தாத்தாவுக்கு. அவரால நடக்க முடியாது. அவர் மூக்கும் என் மூக்கும் ஒண்ணுதான், எனக்குச் சரியா இருந்தா அவருக்கும் சரியா இருக்கும்." என் இரண்டு தாத்தாக்களும் நான் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்தவர்கள்.

அவ்வளவுதான், மனிதர் ஆளே மாறிவிட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"பெரியவரு இன்னா படிப்பாரு?"

"பேப்பர். தினம் ரெண்டு மணி நேரம்."

"குனிஞ்சுக்கினா, சாஞ்சுக்கினா?"

"குனிஞ்சுதான்."

"அப்ப நீயும் குனி. இன்னும் கொஞ்சம். தலைய ஆட்டிப் பாரு. ரொம்ப வேர்க்குமா அவருக்கு?"

ரொம்ப வேர்க்கும் என்றேன். சின்ன இடுக்கியால் மூக்குப் பட்டைகள் இரண்டையும் உள்ளே தள்ளினார். மாட்டினார், குனியச் சொன்னார், கழற்றி இன்னும் கொஞ்சம் தள்ளினார். இரண்டு நிமிஷ வேலை. நான் பில் புத்தகத்தின் மேல் குனிந்தேன். ஃப்ரேம் அசையவில்லை.

பரீட்சையன்று எங்கள் இன்ஸ்டிடியூட் மெஷின்களையெல்லாம் வண்டியில் ஏற்றி ஹாலுக்குக் கொண்டுவந்து, வழக்கம்போல் ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். நான் கம்பிக் கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்து மாட்டியதும் பக்கத்து மெஷின்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பத்து நிமிஷமும் நான் ஒரு தடவைகூடக் கையை எடுக்கவில்லை. கடைசி வரியை முடித்த பிறகுதான் மணி அடித்தது.

ரிசல்ட் வந்த அன்று மத்தியானம் அப்பா கடையிலிருந்து சாப்பிட வந்தார். பாஸ் என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

"நாந்தான் சொன்னம்லா? கண்ணாடியில ஒண்ணுமில்ல. எல்லாம் பழக்கம்."

பாஸான சந்தோஷம் அந்த நொடியில் போய்விட்டது. கம்பிக் கண்ணாடியைக் கொண்டுவந்து அவர் இலைக்குப் பக்கத்தில் வைத்து, பொய் சொல்லி வாங்கிய கதையை முழுக்கச் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அது கோபத்தில் வந்த அழுகை. இல்லாத கிழவர் ஒருவர் பேப்பர் படிப்பதற்கு அந்தக் கடையில் கிடைத்த அக்கறை, எதிரில் நின்ற எனக்குக் கிடைக்கவில்லை.

அப்பா கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்குப் போய் எதுக்குப் பொய்? குனிஞ்சா விழுது, நிக்கிற மாதிரி குடுங்கன்னு ஒனக்குன்னே கேட்டிருக்கலாமே."

"கேட்டேன்பா. நீங்க பக்கத்துலதான் நின்னீங்க."

அம்மா ரசம் ஊற்ற வந்தபோது அப்பா போதும் என்று கை காட்டினார். அடுத்த திங்கட்கிழமை நான் கம்பிக் கண்ணாடியோடு அடையாறு பஸ் ஏறினேன்.