பேக்கிங்குக்கு ஒரு லேபிள்

எங்கள் பனியன் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் ஆறு நாற்காலிகள். மற்ற ஐந்தில் இருப்பவர்களின் சராசரி வயதைவிட என் சர்வீஸ் அதிகம். அதனால் என்னை யாரும் அதட்டுவதில்லை. நான் சொல்வதை யாரும் கேட்பதும் இல்லை.

வேலம்பாளையத்து யூனிட்டில் எல்லாமே புரோகிராம்களை நம்பித்தான் நகர்கிறது. ஒவ்வொரு புரோகிராமும் கன்டெய்னர் என்னும் தனி அடைப்புக்குள் ஓடும். துறைமுகத்துக்குப் போகும் இரும்புப் பெட்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொன்றையும் எத்தனை பிரதி ஓட்டுவது என்று அதனதன் டெம்ப்ளேட் கோப்பில் எழுதி வைத்தால், சர்வர்கள் அதைப் பார்த்து ஓட்டிக்கொள்ளும். எந்த செக்‌ஷனுடையது என்று கன்டெய்னருக்கு லேபிளும் கொடுக்கலாம். எங்கள் ரூலில் அனுமதித்த பெயர்கள் நான்கு: நிட்டிங், சாயம், கட்டிங், தையல். பேக்கிங் இல்லை.

புதிதாக வந்த மேனேஜர், சனிக்கிழமை மாலையில் லேபிள் இல்லாத கன்டெய்னர்கள் தானாக நின்றுவிடும்படி செய்தார். சர்வர் வாடகை மிச்சமாம். அட்டைப்பெட்டி ஸ்டிக்கர் அச்சடிக்கும் புரோகிராமும் சேர்ந்து நின்றது. வாசலில் லாரி, ஹாலில் ஸ்டிக்கர் இல்லாத பெட்டிகள். அடுத்த சனிக்கிழமையும் அதே கதை. பழி பேக்கிங் சூப்பர்வைசர் மேல் விழுந்தது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த பெண்.

"மெஷின் நின்னா நா என்ன சார் செய்ய முடியும்? இன்னொரு தடவ லோடு பிந்துனா சூப்பர்வைசர் வேல கெடயாது, செக்கிங் டேபிளுக்குப் போயிருன்னு சொல்லுதாவ."

மேனேஜரிடம் போய் பேக்கிங்கையும் சேர்க்கச் சொன்னேன்.

"லேபிள் ரூல் எல்லாத்துக்கும் பொதுவுங்க சார். ஆளாளுக்கு ஒரு லேபிள் ஒட்டுனா, கோயில் மரத்துல தொட்டில் கட்டுன மாதிரி ஆயிருமுங்க."

ஐந்து பேரில் நான்கு பேர் சிரித்தார்கள்.

"தொட்டில் கட்டுறவங்க சும்மா கட்டறதில்லீங்க," என்றேன்.

"பேக்கிங்கெல்லாம் ஒரு செக்‌ஷனாங்க?"

"அது இல்லீன்னா நீங்க சொல்ற நாலு செக்‌ஷன் சரக்கும் குடோன்லதானுங்க கெடக்கும்."

அன்று மதியமே ஸ்டிக்கர் புரோகிராமின் கோப்பைத் திறந்து, தலைப்பகுதியில் பேக்கிங் லேபிளை எழுதினேன். ரூலில் இல்லாத பெயர் என்று கோப்பு தடுக்காது. பிறகு சரிபார்த்தால், ஓடும் பிரதிகள் மூன்று. லேபிள் உள்ளவை பூஜ்யம். என் மேல் எனக்கே எரிச்சல் வந்தது. எங்கள் கட்டிங் ஹாலில் யாரும் கூடையில் ஸ்டிக்கர் ஒட்டமாட்டார்கள். கூடை மாறிவிடும் என்று ஒவ்வொரு துணிக்கட்டிலும் தனித்தனியாக ஒட்டுவார்கள். நான் கூடையில் ஒட்டியிருந்தேன். பிறக்கப்போகும் பிரதி எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் பகுதி அதே கோப்பில் கீழே இருக்கிறது. அங்கே எழுதினேன். பழைய மூன்றும் போய், புது மூன்று வந்தன. மூன்றிலும் லேபிள். சூட்டோடு சூடாக, யாரையும் கேட்காமல் இன்னொரு லேபிளும் சேர்த்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் வந்து நின்றார். "பேக்கிங் லேபிள எடுத்துருங்க சார்."

"எடுக்கமாட்டேனுங்க. வேணும்னா என்னைய எடுத்துருங்க."

"கோவிச்சுக்காதீங்க சார், ரூலுங்க."

"ரூல்ல செக்‌ஷன் அஞ்சுன்னு திருத்துங்க. திருத்தத் தெரியலீன்னா சொல்லுங்க, நானே திருத்தறேன்."

சனிக்கிழமை மாலை ஏழு கன்டெய்னர்கள் நின்றன. ஸ்டிக்கர் புரோகிராம் நிற்கவில்லை. லாரி நேரத்துக்குக் கிளம்பியது.

திங்கட்கிழமை மேனேஜர் என் கோப்பைத் திறந்து பார்த்தார். இரண்டாவது லேபிள் அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. லேபிளில் தமிழ் எழுத்தை ஏற்காது, இடைவெளியும் கூடாது. அதனால் ஆங்கில எழுத்தில், நடுவே ஒரு கோடு போட்டு எழுதியிருந்தேன். அவர் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார்:

"கேக்காம... நிறுத்தாதீங்க."

இந்த முறை ஐந்து பேரும் சிரித்தார்கள்.

"இது எதுக்குங்க சார்?"

"அடுத்தவாட்டி நிறுத்தறவங்க கண்ணுல படட்டும்னுதானுங்க."

அவர் அழிக்கவில்லை; விதியைத் திருத்தவும் இல்லை. அந்தப் பெண் இன்னமும் பேக்கிங் சூப்பர்வைசர்தான். இரண்டு லேபிள்களும் மூன்று பிரதிகளிலும் இருக்கின்றன. தினமும் காலையில் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் டீ குடிக்கிறேன்.