அலகு எட்டாத இடம்

எங்கள் மாடிக்குக் குடிவந்திருப்பவர்கள் ஒரு வெளிநாட்டுக் கிளி வளர்க்கிறார்கள். போன வாரம் அந்த வீட்டுப் பெண் அதைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தார். குழந்தையின் சாக்ஸை வெட்டிக் கிளிக்கு ஒரு சட்டை போட்டிருந்தார். "இறகைப் புடுங்கிக்குதுக்கா, அதான் மறைச்சு வச்சிருக்கேன்" என்று சிரித்தபடி சட்டையை விலக்கிக் காட்டினார். நானும் சிரித்திருக்கலாம். அடுப்பில் பால் இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். பொய் எனக்குச் சுலபமாக வரும், கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் மூக்கில் வேப்பெண்ணெய் வாடை. வீட்டில் வேப்பெண்ணெயே கிடையாது. அது முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து, பல வருடங்களுக்கு முன்னாலிருந்து வந்த வாடை.

எங்கள் ஊர் வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் மிளகாய், பெய்யாவிட்டால் ஆடு. அண்ணன் ஒருநாள் பனை வெட்டப் போன இடத்தில், சாய்த்த மரத்தின் பொந்திலிருந்து ஒரு கிளிக்குஞ்சை மடியில் கட்டிக்கொண்டு வந்தான். கிளி வளர்ப்பது குற்றம் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவன் விட்டிருக்க மாட்டான். கூண்டு என்பதே இல்லை. அவன் தோளில் உட்கார்ந்து மிளகாய்க் காட்டுக்குப் போகும், வரும். அப்பாவை நாங்கள் அய்யா என்போம். அவர் அண்ணனை அதட்டுவதைக் கேட்டுக் கேட்டு, கிளியும் "ஏலே, எங்கன போற?" என்று அதே அதிகாரத்தோடு கேட்கப் பழகிவிட்டது. அய்யா அதட்டினால் திரும்பிப் பார்க்காத அண்ணன், கிளி அதட்டினால் நிற்பான்.

அடுத்தடுத்து மழை பொய்த்ததும் அண்ணன் சவுதிக்குப் போனான். அவன் வேன் ஏறிய அன்றே அம்மா கூண்டு வாங்க ஆள் அனுப்பினாள். கிளி பறந்துபோனால் மகனும் திரும்ப மாட்டான் என்று அவள் மனதில் எப்படியோ ஒரு முடிச்சு விழுந்துவிட்டது. "அவன் வார வரைக்கும் இது இங்கன இருக்கணும்" என்றாள். எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

வெள்ளிக்கிழமை அவனுக்கு விடுமுறை. அன்றுதான் போன் வரும். பட்டன் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கூண்டோடு ஒட்டிப் பிடிப்பேன். அண்ணன் குரல் கேட்டதும் கிளி கம்பியில் தொற்றி ஏறி, "ஏலே, எங்கன போற?" என்று கத்தும். அந்தப் பக்கம் அவன் சிரிப்பான், இந்தப் பக்கம் அம்மா அழுதுகொண்டே சிரிப்பாள். போனை வைத்த பிறகு கிளி கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்து அவனைத் தேடும். சனிக்கிழமை காலையில் கூண்டுக்கடியில் பச்சை இறகுகள் கிடக்கும். கூட்டி அள்ளியவள் நான். வெள்ளிக்கும் சனிக்கும் உள்ள சம்பந்தம் எனக்குப் புரிந்தது. ஆனால் அம்மாவுக்கு வாரத்தில் இருந்த ஒரே சந்தோஷம் அந்தக் கால்மணி நேரம். வாயைத் திறக்கவில்லை.

பார்த்தவர்கள் பேன் என்றார்கள். வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தினமும் தடவினேன். நெஞ்சு, வயிறு, இறக்கையின் அடிப்பக்கம் என்று வெறும் தோலாகிக்கொண்டே வந்தது. கடைசியில் முதுகுளத்தூர் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தலையப் பாரும்மா. அங்கன மட்டும் ஒரு இறகு போகல. ஏன்? அலகு எட்டாத எடம். பேனுமில்ல, சொறியுமில்ல, இதுவா புடுங்குது. கூண்ட விட்டு வெளிய விடுங்க, கூட ஆள் இருங்க."

அம்மாவிடம் அப்படியே சொன்னேன். "வெளிய விட்டா போயிரும்டி" என்றாள். நான் வற்புறுத்தவில்லை. பழையபடி எண்ணெய் தடவினேன்.

மார்கழியில் ஒரு காலை, கிளி கூண்டின் தரையில் கிடந்தது. தலை மட்டும் பச்சை. முந்தின நாள் சாயங்காலம் அந்தக் குளிரில், இறகில்லாத உடம்பில் எண்ணெயைப் பூசியது இந்தக் கைதான். அதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்காது.

அம்மா அழவில்லை. பயந்துபோயிருந்தாள். "அவன்ட்ட சொல்லிராத. அங்கன தனியாக் கெடக்கான்" என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை அண்ணன், "எங்க, அத ஒரு தடவ கத்தச் சொல்லு" என்றான். பள்ளிக்கூடத்தில் டீச்சர்களைப் போலப் பேசிக் காட்டி அடி வாங்கியவள் நான். தொண்டையை இறுக்கி, "ஏலே, எங்கன போற?" என்றேன். அண்ணன் சிரித்தான். அதற்குப் பிறகு எட்டு மாதம், வாராவாரம் நான்தான் கிளி.

அவன் விடுமுறையில் வந்தபோது பையைக்கூட இறக்காமல் வீட்டுக்குள் தேடினான்.

"எப்ப?" என்றான்.

"மார்கழில."

"அப்ப ஆடியில கத்துனது?"

அது நான்தான் என்றேன். "நாந்தாண்டா சொல்லாதன்னேன்" என்று அம்மா ஓடிவந்தாள். அவன் என்னைத் திட்டவில்லை. "காய்ச்சல்ல கெடந்தப்ப அந்தச் சத்தத்த நெனச்சுக்கிட்டுத்தான் எந்திரிச்சேன்" என்று மட்டும் சொன்னான். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

அண்ணன் திரும்பப் போனான். இன்னும் அங்கேதான் இருக்கிறான். அய்யா இறந்த அன்று நான் போனில் சொன்னபோது, "அய்யா மொகத்தக் காட்டு" என்றான். வீடியோவில் காட்டிய பிறகுதான் அழுதான். நான் ஒரு வார்த்தை சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொண்ட அண்ணன் ஒருவன் இருந்தான். அவனை நானே இல்லாமல் ஆக்கிவிட்டேன்.

அம்மா இப்போது ராமநாதபுரத்தில் என்னோடு இருக்கிறாள். போன வெள்ளிக்கிழமை, அம்மா நன்றாக இருக்கிறாள் என்று அவனிடம் சொன்னேன். வழக்கம்போல, "காட்டு" என்றான். காட்டினேன்.

அம்மாவுக்குக் கோபம். "நல்லாத்தாண்டா இருக்கேன். தங்கச்சி சொன்னா நம்ப மாட்டியா?"

அண்ணன் திரையை உற்றுப் பார்த்தான். "கொரல் மட்டும் பத்தாது. கையத் தூக்கும்மா" என்றான்.

அம்மா தூக்கினாள்.