வெறும் வயிற்றில் போட்ட மாத்திரை

எங்கள் தெருவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் பதினோரு பேர். வாடிப்பட்டி பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன் என்பதால், அவர்களைக் கவனிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். சுகாதார நிலையத்து நர்ஸ் தெருவுக்கு ஒருவரைச் சேர்த்து இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார். விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் மீட்டரும் தந்தார்.

பாதிப் பேர் மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை. நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்: “சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் மாத்திரைய மட்டும் விட்றாதீங்க.” பயிற்சியில் யாரும் இப்படிச் சொல்லித்தரவில்லை. அழுத்திச் சொன்னால்தான் கேட்பார்கள் என்று நானாகச் சேர்த்துக்கொண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு மதினி ஓடிவந்தார்.

“டீச்சர், அவுக மோட்டார் ரூம்கிட்ட விழுந்து கெடக்காக. என்னமோ ஒளறுறாக.”

மீட்டரோடு வயலுக்கு ஓடினேன். மதினியின் வீட்டுக்காரரை, நான் அண்ணன் என்று கூப்பிடுபவரை, சுவரில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. என்னைப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. மீட்டர் நாற்பத்தொன்று காட்டியது; எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து.

“காலைல என்ன சாப்பிட்டாக?”

“கோயிலுக்கு விரதம்ல. ஒண்ணும் சாப்பிடல. நீங்க சொன்னீகன்னு மாத்திரைய மட்டும் போட்டாக.”

ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணச் சொல்லிவிட்டு, களையெடுக்க வந்தவர்கள் டீக்கு வைத்திருந்த சீனியை அள்ளித் தண்ணீரில் கரைத்தேன். மதினி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“சுகர்காரருக்குச் சீனியக் குடுத்துக் கொல்லப் பாக்குறீகளா?”

சுற்றி நின்றவர்களும் வேண்டாம் என்றார்கள். கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், அவருக்கு ஏதாவது ஆனால் அது என்னால்தான்.

“கூடல மதினி, ஒரேயடியா கொறஞ்சு போச்சு. இப்பக் குடுக்காட்டித்தான் ஆபத்து.”

பிடி தளர்ந்தது. அண்ணன் மடக்கு மடக்காக விழுங்கினார். கால் மணி நேரம் கழித்து, “டீச்சர், நீங்க எப்ப வந்தீக?” என்றார். ஆம்புலன்ஸ் வந்து இருவரையும் மதுரைக்கு ஏற்றிப்போனது.

வண்டி மறைந்த பிறகுதான் மற்ற பத்துப் பேர் நினைவுக்கு வந்தார்கள். அவர்களிடமும் அதையேதான் சொல்லியிருந்தேன். ஒவ்வொரு வீடாக ஓடி, “நான் தப்பாச் சொல்லிட்டேன், சாப்பிடாம போடாதீங்க” என்றேன். விரதத்திலிருந்த ஒரு பெண் மாத்திரை போட்டு அரைமணி நேரம் ஆகியிருந்தது. கண் முன்னாலேயே சாப்பிட வைத்தேன். கடைசி வீடு பூட்டியிருந்தது. அங்கே தனியாக இருக்கும் பெரியவர் மதுரை காளவாசலுக்கு, மகள் வீட்டுக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மூன்று முறை போன் அடித்தும் எடுக்கவில்லை. அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நாலாவது முறை எடுத்தார்.

“பஸ் எரைச்சல்ல கேக்கலத்தா. இப்பத்தான் நாலு இட்லி தின்னேன். எதுக்கு அழுகுற?”

அண்ணன் இரண்டு நாளில் திரும்பினார். தெருக்காரர்களுக்கு நர்ஸ் நடத்திய அடுத்த கூட்டத்தில், அவர் முன்னாலேயே என் தவறைச் சொன்னேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். மதினி கடைசியில்தான் பேசினார்.

“இனிமே நீங்க என்ன சொன்னாலும் நர்ஸம்மாகிட்ட ஒரு தடவ கேட்டுக்கிறோம் டீச்சர்.”

“கேளுங்க மதினி,” என்றேன்.